கொசுறு அளவுல சேராது

அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் பைக்குள்ள வச்சிருங்க தாயி. கோவிச்சுக்கிடாதீங்க. இந்த வராண்டாவுல யாரும் தண்ணிப் பாட்டிலை வெளிய எடுக்கிறதில்ல. மிஷினுக்குப் போறவங்க எல்லாரும் இந்த வழியாத்தான் போகணும். அவங்க பாத்துட்டா அன்னைக்குப் பூரா அந்தப் பாட்டிலேதான் கண்ணுக்குள்ள நிக்கும். நமக்குத் தாகம் எடுத்தா அந்த வேப்பமரத்துக்கிட்ட போயி, முதுகைக் காட்டிக் குடிச்சுட்டு, வாயைத் தொடச்சுட்டு வரணும். எங்கேயும் எழுதி ஒட்டலை. ஆனா எல்லாரும் அப்படித்தான் செய்யுறோம்.

இன்னைக்குத்தான் முத நாளா? வீட்டுக்காரருக்கா? சரி சரி, அழாதீங்க. உள்ள போனா நாலு மணி நேரம் ஆகும். கிட்னிக்குப் பதிலா மிஷின்ல ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணி, சேந்துபோன தண்ணியையும் எடுத்துட்டு, திருப்பி விடுவாங்க. சாப்பிட்டீங்களா? சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்க. என் வீட்டுக்காரி உள்ள நாற்காலியில உக்காந்திருக்கா, இன்னும் பெட் காலியாகல. காலியானதும் வெயிட் பாக்கக் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. நீங்க பக்கத்துல இருந்தா எனக்கும் நல்லதுதான்.

அந்தச் சீட்டைக் குடுங்க பாப்போம். ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி. எங்களுக்கு எழுநூத்தி அம்பது. உங்களுக்கு அம்பது மில்லி அதிர்ஷ்டம். சிரிக்காதீங்க. அம்பது மில்லின்னா என்னன்னு ஒரே மாசத்துல உங்களுக்குத் தெரிஞ்சிரும்.

எண்ணூறுன்னா எத்தனை டம்ளர்னு கேக்குறீங்க பாத்தீங்களா? இங்கதான் எல்லாரும் தப்பு பண்றது. டம்ளருங்கிறது அளவு இல்ல தாயி, அது ஏனம், வெறும் பாத்திரம். உங்க வீட்டு டம்ளர் வேற, எங்க வீட்டு டம்ளர் வேற. அளவுன்னா அடியில அரசாங்க முத்திரை குத்தியிருக்கணும். வாய்க்கு வந்ததைச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. என் பேரு சோலையப்பன். நல்லாங்குளம் பால் சொசைட்டியில முப்பத்தோரு வருஷம் உள்ளூர் ஆளுகளுக்குப் பால் அளந்து ஊத்துனவன். அதுக்கு முன்னாடி எங்க அப்பா கூட வாசல்லயே வச்சு ஊத்துனேன். என் அளவுல ஒரு சொட்டுக் குறைஞ்சதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இன்னைக்கும் சொல்ல மாட்டாங்க.

எங்க அப்பா படியில அளந்தவரு. ஒரு படிக்கு நாலு உழக்கு, ஒரு உழக்குக்கு ரெண்டு ஆழாக்கு. அப்புறம் லிட்டர் வந்துச்சு. லிட்டர் வந்துச்சே தவிர ஜனங்க வாய்க்கு வரல. நாங்க கையில கால் லிட்டர் அளவையை வச்சுக்கிட்டு நிப்போம், அவங்க ஏனத்தை நீட்டி 'ஒரு உழக்கு ஊத்துங்க'ம்பாங்க. நாங்களும் ஊத்துவோம். அவங்களும் உழக்குன்னே நெனச்சு வாங்கிட்டுப் போவாங்க. அப்படியே உழக்குன்னா கால் லிட்டர்னு ஊருக்கே ஆகிப்போச்சு. எனக்கும் ஆகிப்போச்சு.

இன்னொண்ணு. ஊத்தி முடிச்சதும் அளவையைக் கேனுக்குள்ள இன்னொரு தடவை லேசா முக்கி, கொஞ்சம் கூட ஊத்தணும். கொசுறு. அது இல்லாம பால் வாங்கிட்டுப் போனா பொம்பளைகளுக்கு மனசு ஆறாது. ஏனத்தை நீட்டுனபடியே நிப்பாங்க, அளந்து முடிச்சப்புறமும் எடுக்க மாட்டாங்க. கொசுறு விழுந்தாத்தான் ஏனம் நகரும். அளவு வாங்குறவங்க உரிமை, கொசுறு ஊத்துறவன் மனசு. அது வேற, இது வேற. கொசுறு அளவுல சேராது. எங்க அப்பா எனக்கு இதைச் சொல்லக்கூட இல்ல, பாத்துப் பாத்து கைக்கு வந்துருச்சு.

என் வீட்டுக்காரி பேரு குருவம்மா. அவளே எங்க வாசல்ல பால் வாங்க வந்தவதான். அப்ப அவளுக்குப் பதினெட்டு வயசு, எனக்கு இருபத்திரெண்டு. அவங்க வீட்டுக்கு அரைப்படி வேணும். ஆனா அரைப்படின்னு கேக்க மாட்டா. 'ஒரு உழக்கு ஊத்துங்க'ம்பா. ஊத்தி, கொசுறும் போடுவேன். ஏனத்தை எடுக்காம, 'இன்னொரு உழக்கு'ம்பா. ஊத்துவேன், இன்னொரு கொசுறு. கொஞ்ச நாள் கழிச்சு அதையும் விட்டுட்டு, ஆழாக்கு ஆழாக்கா கேக்க ஆரம்பிச்சா. நாலு ஆழாக்கு, நாலு கொசுறு! 'ஏம்மா, மொத்தமா வாங்குனா கையி சுட்டுருமா?'ன்னு கேட்டேன். 'கொஞ்சங் கொஞ்சமா ஊத்துனா நுரை வராதுல்ல'ன்னா. நுரையாம் நுரை! பின்னாடி நின்ன கிழவிக எல்லாம் சிரிச்சாங்க. அந்த வருஷமே பொண்ணு கேட்டுப் போனோம்.

எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங், அளவு.

தை மாசம் எங்களுக்கு முதல்முதலா இங்க மிஷின் போட்டாங்க. செவ்வாயும் வெள்ளியும். டாக்டர் சின்ன வயசுக்காரரு, நல்ல மனுஷன். 'தண்ணி, காப்பி, மோர், ரசம் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு எழுநூத்தி அம்பது மில்லி. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது, மூத்திரமா வெளிய போகாது, உள்ளயே தேங்கும்'னாரு. குருவம்மா என் முகத்தைப் பாத்தா. 'அப்படின்னா எவ்வளவுங்க?' நான் சொன்னேன், 'மூணு உழக்கு.' 'வாய் கொப்புளிக்கவா?'ன்னு கேட்டா. டாக்டருக்கே சிரிப்பு வந்துருச்சு.

வீட்டுல அவ பிறந்த வீட்டுலருந்து கொண்டாந்த பித்தளை உழக்கு ஒண்ணு இருந்துச்சு. அதுலயே காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு அளந்து குடுத்தேன். வேற யாரையும் தொட விடல. ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா வெயிட் கூடிக்கிட்டே போகுது. இங்க ஜெபராணி சிஸ்டர்னு ஒரு பொண்ணு இருக்கு, உள்ள பாத்திருப்பீங்க, கண்ணாடி போட்டிருக்கும். அது சொல்லுச்சு, 'அப்பா, ஒரு லிட்டர் தண்ணி உள்ள நின்னா எடை மிஷின்ல ஒரு கிலோ ஏறும். தண்ணி பொய் சொல்லாது. எங்கேயோ கூடப் போகுது.'

இந்த லிட்டர் இருக்கே தாயி, அது கிலோவா வந்து நிக்கும். படியில இந்தத் தொல்லையே இல்ல. ஒரு படிப் பால் எத்தனை கிலோன்னு எங்க அப்பாகிட்ட யாரும் கேட்டதில்ல.

சரி, நான் என்ன பண்ணுனேன்? பழைய சொசைட்டிக்குப் போயி, முத்திரை குத்துன கால் லிட்டர் அளவையை இரவல் வாங்கிட்டு வந்து, பித்தளை உழக்குல தண்ணியை நெரப்பி அதுக்குள்ள ஊத்துனேன். அளவை நெறஞ்சு வழியுது, உழக்குல இன்னும் தண்ணி நிக்குது! மெடிக்கல்ல ஊசிக் குழாய் வாங்கி மிச்சத்தை அளந்தேன். முன்னூத்தி முப்பது வருது ஒரு உழக்கு. அது அசல் படிக்கு அடிச்ச உழக்கு. நாங்க வாயால சொல்லிச் சொல்லிக் கால் லிட்டராக்கிட்டோமே தவிர, பித்தளைக்கு அது தெரியுமா? அப்ப மூணு உழக்குன்னா ஒரு லிட்டர் கிட்ட வந்துருது. ஒரு நாளைக்குக் கால் லிட்டர் கூட.

நானே கண்டுபிடிச்சேன் தாயி. டாக்டர் இல்ல, சிஸ்டர் இல்ல. தப்பு எங்கேன்னு நானே பிடிச்சு, அந்த உழக்கைக் கொண்டுபோய்ப் பரண்ல போட்டுட்டு, கால் லிட்டர் அளவையில அளக்க ஆரம்பிச்சேன். அடுத்த வாரமே வெயிட் எறங்குச்சு. அவளுக்குத் தண்ணி இல்லாத எடை நாப்பத்தி நாலு. ரெண்டு கிலோ வரைக்கும் ஏறலாம், நாப்பத்தாறுல வந்தா நல்லது. நாப்பத்தாறுலயே வந்துச்சு. சிஸ்டர் என் கையைப் பிடிச்சு 'சூப்பர் அப்பா'ன்னுச்சு. எனக்கு என்னமோ மெடல் குடுத்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் பங்குனி வந்துச்சு. வெயிலை உங்களுக்குச் சொல்லணுமா? அவளுக்கு நாக்கு மேல்வாயில ஒட்டிக்கும். தெருக்குழாயில தண்ணி வர்ற சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவா. குடிக்க மாட்டா, எங்கேயும் போக மாட்டா, சும்மா உக்காந்து கேப்பா. அடுத்த வீட்டுல குடம் நெறையுறது காதுலயே அவளுக்குத் தெரியும். 'அவங்களுக்கு ரெண்டு குடம் ஆச்சு'ன்னு சொல்லுவா. நான் என்ன பண்றது, சொல்லுங்க. எரிச்சல் வரும், அழுகையும் வரும், எழுந்து வெளிய போயிருவேன்.

ஒருநாள் அவளே சொன்னா. 'ஏங்க, இப்படி ஒரே மூச்சுல கால் லிட்டரைக் குடுத்துட்டு அஞ்சு மணி நேரம் காயப் போடாதீங்க. கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. அம்பது அம்பதா பதினஞ்சு தடவை குடுங்க.' பாத்தீங்களா, பள்ளிக்கூடம் அஞ்சாவதோட நின்னவ, எழுநூத்தி அம்பதை அம்பதால வகுத்துட்டா! நல்ல யோசனைன்னு பட்டுச்சு. நாக்கு நனைஞ்சுக்கிட்டே இருக்கும்ல. கடைத்தெருவுல எண்ணெய் அளக்குற அம்பது மில்லி அளவை ஒண்ணு வாங்குனேன், அடியில முத்திரையோட. விடிஞ்சதுலருந்து மணிக்கு ஒரு தடவை மண்பானையில மோந்து அவ டம்ளர்ல ஊத்துவேன். காப்பி குடிச்சா ரெண்டு தடவை கழிச்சுக்குவேன், ரசத்துக்கு ஒண்ணு.

எங்க மருமக தமயந்தி, மகன் திருப்பூர்ல இருக்கான், இவ பிள்ளையோட எங்ககூட இருந்தா. அவ சொன்னா, 'எதுக்கு மாமா இவ்வளவு பாடு? காலையில ஒரு பாட்டில்ல எழுநூத்தி அம்பது பிடிச்சு வச்சுருவோம். அத்தை அதுலருந்து குடிக்கட்டும். தீந்தா தீந்துச்சு.' நான், 'பாட்டில்ல பிடிச்சு வைக்க இது என்ன பஸ் பிரயாணமா?'ன்னேன். குருவம்மாவும் எம் பக்கம் பேசுனா. 'பிளாஸ்டிக் வாடை எனக்கு ஆகாது. அவரு கையால பானைத் தண்ணி ஊத்துறதுதான் எனக்கு எறங்குது'ன்னா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நாப்பத்தஞ்சு வருஷத்துல அவ என்னை அப்படிச் சொன்னதே இல்ல.

அங்க ஆரம்பிச்சுச்சு சனியன். நாப்பத்தேழு. அடுத்த தடவை நாப்பத்தேழே கால். சிஸ்டர் எடை மிஷினையும் பாக்குது, என் மூஞ்சியையும் பாக்குது. 'அப்பா, என்ன குடுக்குறீங்க?' 'அம்பது, பதினஞ்சு தடவை.' 'சரியா அளக்குறீங்களா?' என்கிட்டயா கேக்குற கேள்வி அது! இவங்க எடை மிஷின்தான் கோளாறுன்னு சொன்னேன். சிஸ்டரே அது மேல ஏறி நின்னுச்சு. காலையில வீட்டுல பாத்த அதே எடை காட்டுதுன்னு சொல்லி எறங்கிருச்சு.

மிஷின் கோளாறு இல்லன்னா? யாரோ திருட்டுத்தனமாக் குடுக்குறாங்க. அல்லது இவளே குடிக்கிறா. குளியலறையில இருந்த வாளி, கப்பு எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவ பல் வெளக்கும்போது பக்கத்துல நின்னேன். கொப்புளிச்சதைத் துப்புறாளான்னு பாத்தேன். கட்டுன பொண்டாட்டி வாயைத் தொறக்கச் சொல்லி விரலை வச்சுப் பாத்தேன் தாயி. இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. ஃபிரிட்ஜுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுனேன். ஒரு சொட்டும் அகப்படல. எடை மட்டும் ஏறுது.

அப்ப மிச்சம் இருக்கிறது யாரு? தமயந்தி. ஒருநாள் அடுப்படியில பாத்தா டம்ளர் ஈரமா இருக்கு. 'இந்த டம்ளர் ஏன் ஈரமா இருக்கு?'ன்னேன். 'கழுவுனா ஈரமா இருக்காதா மாமா?'ன்னா. பேச்சு முத்திப் போச்சு. அவ கடைசியில சொன்னா, 'தப்பா நெனைக்காதீங்க மாமா. நீங்க ஊத்தும்போதே கொஞ்சம் கூடப் போகுது. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்.'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். முப்பத்தோரு வருஷம் அளந்தவன்கிட்ட, நேத்து வந்தவ அளவு சொல்றா. வாசல்ல நின்னு கத்துனேன். 'எம் பொண்டாட்டியைத் தண்ணி குடுத்தே கொன்னுட்டு வீட்டைப் பிடிக்கலாம்னு பாக்குறியா?'ன்னு கேட்டேன். தெருவே பாத்துச்சு. அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, ஒரு பையை எடுத்துக்கிட்டு ராஜபாளையம் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போயிட்டா. குருவம்மா கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. மருமகள்னா அவளுக்கு உசுரு. ஆனா அன்னைக்கு வாயே தொறக்கல. அவளும் எம் பக்கம்தான்னு நெனச்சேன்.

தமயந்தி போயி மூணாவது நாள், சித்திரையில, காலை பதினோரு மணி இருக்கும். குருவம்மாவால படுக்க முடியல. படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்து முன்னால குனிஞ்சு, கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு, உள்ள கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆட்டோவுல என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்தா. பேச முடியல. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. செத்துருவான்னுதான் நெனச்சேன் தாயி. இந்த வாசல்ல வந்து எறங்குறதுக்குள்ள செத்துருவான்னு நெனச்சேன். தூக்கி எடை மிஷின்ல நிறுத்துனாங்க. நாப்பத்தெட்டரை. நாலரைக் கிலோ. 'நுரையீரல்ல தண்ணி ஏறிருச்சு'ன்னாரு டாக்டர்.

நாலு மணி நேரத்துல மிஷின் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச்சு. மூச்சு அடங்குச்சு. அப்ப ஜெபராணி சிஸ்டர் என்னை உள்ள கூப்பிட்டுச்சு. குருவம்மா படுத்திருக்கா, கையில ஊசி, குழாய். சிஸ்டர் ஒரு சட்டியில தண்ணி, ஒரு டம்ளர், என்னோட அம்பது மில்லி அளவை, மூணையும் மேசை மேல வச்சுச்சு. அளவை எப்பவும் என் சட்டைப் பையிலதான் இருக்கும். 'அப்பா, வீட்டுல எப்படி ஊத்துவீங்களோ அப்படியே ஊத்துங்க'ன்னுச்சு.

ஊத்துனேன்.

'என்ன ஊத்துனீங்க?'

'அம்பது.'

'அதுக்கப்புறம்?'

'அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லியே.'

'இன்னொரு தடவை ஊத்துங்க.' ஊத்துனேன். 'அதுக்கப்புறம் என்ன பண்ணுனீங்க?' எனக்குப் புரியல. என்ன இந்தப் பிள்ளை வெளயாடுதான்னு இருந்துச்சு. மூணாவது தடவை ஊத்தி முடிச்சதும் என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிச்சு. அப்பதான் பாக்குறேன். என் கை மறுபடியும் சட்டிக்குள்ள இருக்கு. அளவையில கொஞ்சம் தண்ணி இருக்கு.

'இது என்ன அப்பா?'

'அது அளவு இல்லம்மா'ன்னேன். 'அது கொசுறு.'

அந்தப் பிள்ளை திட்டல. திட்டியிருந்தா தேவலை. டம்ளர்ல இருந்ததை ஊசிக் குழாய்ல உறிஞ்சி என் கண்ணு முன்னாடி பிடிச்சுச்சு. எழுபத்திரெண்டு. இருபத்திரெண்டு மில்லி கொசுறு. பதினஞ்சு தடவை. நான் மனசுல பெருக்கிப் பாத்தேன். முன்னூத்தி முப்பது. பரண்ல தூக்கிப் போட்டேனே பித்தளை உழக்கு, அதே ஒரு உழக்கு. கால் லிட்டரா மூணு தடவை குடுத்தப்ப மூணு கொசுறுதான் போச்சு, அதனால தெரியல. நான் எவ்வளவுக்கெவ்வளவு பொடி அளவையா எடுத்து ஜாக்கிரதையா அளந்தேனோ, அவ்வளவுக்கவ்வளவு கொசுறு.

திரும்பிக் குருவம்மாவைப் பாத்தேன். அவ என்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. நான் பாத்ததும் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா.

அவளுக்குத் தெரியும் தாயி. முத நாள்லருந்து தெரியும். அம்பது அம்பதாக் கேட்டது எதுக்கு? பாட்டில் வேண்டாம்னது எதுக்கு? ஆழாக்கு ஆழாக்காப் பால் வாங்குன அதே குருவம்மாதானே. அன்னைக்குப் பாலுக்கு, இன்னைக்குத் தண்ணிக்கு. நான் கண்ணு தெரியாதவன் மாதிரி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். தமயந்தியைப் பாத்து நான் கத்தும்போது இவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா கொசுறு போயிருமே. மருமகளை விட்டுக்குடுத்தா, இருபத்திரெண்டு மில்லியை விட்டுக்குடுக்கல. எனக்கு அவ மேல கோவம் வரணும். வரல. தாகம் எடுத்தவங்ககிட்ட என்னத்தைக் கோவிக்கிறது? என் மேலதான் வந்துச்சு. அதை வச்சுக்கிட்டும் ஒண்ணும் பண்ண முடியல.

மறுநாளே ராஜபாளையம் போயி, சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னேன். என்ன சொல்லணும்னு பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே போனேன், அங்க போனதும் ஒரே வார்த்தைதான் வந்துச்சு. 'கொசுறும்மா'ன்னேன். தமயந்தி என்னை ஒரு பார்வை பாத்தா. உள்ள போயி பையை எடுத்துட்டு வந்துட்டா. அவ நாலு வார்த்தை கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கேக்கல. வந்ததும் கண்ணாடிப் பாட்டில் ஒண்ணு வாங்கி, எழுநூத்தி அம்பதுக்கு வெளிய மை வச்சுக் கோடு போட்டா. காலையில அவதான் பிடிச்சு வைக்கிறா. பானைக்கு மூடி போட்டுத் துணி கட்டியாச்சு. நான் பாட்டில்ல இருந்து மட்டும் ஊத்தலாம். அந்த வேலையை மட்டும் குருவம்மா மாத்த விடல. 'அவரே ஊத்தட்டும்'னுட்டா.

இப்ப மூணு வாரம் ஆச்சு. சரியாப் போச்சுன்னு நெனைக்கிறீங்களா? என் கை நிக்க மாட்டேங்குது தாயி. அம்பது ஊத்துறேன். அவ டம்ளரை நீட்டுனபடியே இருக்கா, எடுக்க மாட்டேங்குறா. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாசல்ல நின்ன மாதிரியே நிக்கிறா. என் கை தானாப் பாட்டிலைச் சாய்ச்சுருது. பாட்டில்ல இருக்கிறது என்னமோ எழுநூத்தி அம்பதுதான், அதனால அளவு கூடாது. ஆனா பத்துத் தடவையில பாட்டில் காலி. அஞ்சு மணிக்கே காலி. அப்புறம் அவ படுக்குற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. அத்தனை வருஷம் கொசுறுங்கிறது எங்கேயோ வெளியிலருந்து வர்ற மாதிரி நெனச்சிருந்தேன். காலையில போடுற கொசுறு சாயங்காலத் தண்ணி. இப்பதான் தெரியுது.

நேத்துச் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். தமயந்தி பிள்ளைக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தா. நல்ல புழுக்கம், இலை அசையல. குருவம்மா கட்டில்லருந்து எறங்கி, டம்ளரை எடுத்துக்கிட்டு நடந்து வந்து என் முன்னாடி நின்னா. நான் பாட்டிலைத் தூக்கிக் கவுத்துக் காட்டுனேன். 'காலி குருவம்மா. இன்னைக்கு அளவு முடிஞ்சுபோச்சு.'

அவ தலையை ஆட்டுனா. தெரியும்னு ஆட்டுனா. டம்ளரை மட்டும் இழுக்கல. உதடு வெடிச்சிருக்கு. கெஞ்சல, அழல. பால் வாங்க வந்தவ கேக்குற மாதிரி, சாதாரணமாக் கேட்டா.

'அளவு வேண்டாங்க. கொசுறு மட்டும் ஊத்துங்க.'

பானை பக்கத்துலதான் இருந்துச்சு தாயி. துணி முடிச்சு ஒண்ணும் பெரிய முடிச்சு இல்ல.

ஊத்துனேனா, எவ்வளவு ஊத்துனேன்னு கேக்காதீங்க. கையில அளவை இல்ல. நான் அளக்காம ஊத்துனது வாழ்க்கையில...

இந்தா கூப்பிடுறாங்க. 'குருவம்மா கூட வந்தவங்க வாங்க'ன்னு சொல்றது ஜெபராணி சிஸ்டர்தான். வெயிட் பாக்கப் போறாங்க.

தாயி, ஒரு உதவி பண்ணுங்க. நீங்க போயி நின்னுட்டு வாங்க. யாராவது ஒருத்தர் நின்னாப் போதும், யாருன்னு கேக்க மாட்டாங்க. மிஷின்ல சிவப்பா நம்பர் வரும். நாப்பத்தாறா இருந்தா அங்கயிருந்தே எனக்குக் கையைக் காட்டுங்க. கூட இருந்தா ஒண்ணும் காட்ட வேண்டாம். அவ உங்களைப் பாத்து யாருன்னு கேட்டா, அவரு வேப்பமரத்துக்கிட்ட தண்ணி குடிக்கப் போயிருக்காருன்னு மட்டும் சொல்லிராதீங்க.